வெண்குஷ்டம்: தப்பா ஒட்டிய ஒரு பேரின் வரலாறு

1. அழகுக்கலை படிக்கும் தங்கைகளே, தம்பிகளே! ஒருத்தரோட முகத்தையும் கழுத்தையும் டாக்டரைவிட அதிக நேரம் கிட்டத்தில் பார்க்கிறது நீங்கதான். அதனால தோல்ல வர்ற வெள்ளைத் திட்டு பற்றி இந்தத் தொடர் பதிவு. முதல்ல கொஞ்சம் வரலாறு.

2. பழைய சமஸ்கிருத மருத்துவ நூல்களில் "குஷ்டம்" என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. சரக சம்ஹிதை 18 வகை குஷ்டங்களைச் சொல்கிறது. பெரும்பாலும் தோல் நோய்களுக்கான பொதுப்பெயர் அது. வெள்ளைத் திட்டுக்கு "சுவித்திரம்" என்று தனிப்பெயரே இருந்தது.

3. காலப்போக்கில் குஷ்டம் என்றால் தொழுநோய் என்று ஆகிவிட்டது. ஆனா வெள்ளைத் திட்டுமேல ஒட்டிய "வெண்குஷ்டம்" என்ற பேர் மட்டும் போகலை. சம்பந்தமே இல்லாத இரண்டு நோய்கள் ஒரே பேருக்குள் மாட்டிக்கிட்டது இப்படித்தான்.

4. 1873-ல் நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். வெண்புள்ளிக்குக் கிருமியே கிடையாது. நம்ம நோய் எதிர்ப்பு மண்டலமே நிறமி செல்களை அழிப்பதால் வருவது. தொட்டால் ஒட்டாது.

5. பேர் கொடுத்த பயம் சின்னதில்லை. 1898-ம் ஆண்டு பிரிட்டிஷ் இந்தியச் சட்டப்படி, ஆதரவின்றித் தெருவில் திரிந்த தொழுநோயாளியை வாரன்ட் இல்லாமலே பிடித்து அடைக்கலாம். அது நீக்கப்பட்டது 2016-ல்! தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் பிரிவு போனது 2019-ல்.

6. மருந்து எப்பவோ வந்துடுச்சு. 1940-களில் டாப்சோனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர், செங்கல்பட்டில் பணியாற்றிய டாக்டர் ராபர்ட் காக்ரேன். 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 6 அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணமாகும். அரசு மருத்துவமனையில் இலவசம்.

7. தமிழக அரசும் வெண்குஷ்டம் என்பதை விட்டு "வெண்புள்ளிகள்" என்றே சொல்லச் சொல்லியிருக்கிறது. ஆனா பொண்ணு பார்க்கப் போற வீட்டுல இன்னும் பழைய பேர்தான் ஓடுது.

8. இந்தப் பேர்க் குழப்பத்தால் நஷ்டம் இரண்டு பக்கமும். வெண்புள்ளி உள்ளவரை ஒதுக்குறோம். நிஜத் தொழுநோயின் ஆரம்பத் திட்டை "தேமல்தானே"ன்னு விட்டுடுறோம்.

9. வித்தியாசம் இதுதான்:
வெண்புள்ளி: பால் வெள்ளை. ஓரம் தெளிவா இருக்கும். உணர்ச்சி அப்படியே இருக்கும்.
தேமல்: பூஞ்சையால் வருவது. மார்பு, முதுகு, கழுத்தில் மெல்லிய செதிலோடு இருக்கும்.
தொழுநோய்: வெளிறிய அல்லது செம்பு நிறத் திட்டு, பால் வெள்ளையா இருக்காது. அந்த இடத்தில் உணர்ச்சி, வியர்வை, முடி குறையலாம்.

10. ஆனா முகத்தில் வரும் தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி நல்லாவே இருக்கலாம். அதனால நீங்களே தொட்டுப் பார்த்து முடிவு சொல்லாதீங்க.

11. திட்டைப் பார்த்தா பிளீச் போட வேண்டாம். சூடான வாக்ஸும் ஆவியும் வேண்டாம்; மரத்த தோலுக்குச் சுடுறதே தெரியாது, புண்ணாகிடும். வாடிக்கையாளரை விரட்டவும் வேண்டாம், நோய்ப் பேர் சொல்லவும் வேண்டாம். "அக்கா, இதை ஒரு தோல் டாக்டர்கிட்ட காட்டிடுங்க" - இவ்வளவு போதும். சீக்கிரம் வந்தா நரம்பு பாதிக்காமலே காப்பாத்திடலாம்.