கப்பல் கம்பெனியும் கணக்கேடுகளும்

தருமபுரி மாவட்டத்திற்குக் கடல் இல்லை. ஒகேனக்கல்லில் பரிசல் மிதக்கும் அளவே இம்மண்ணுக்கும் நீர்வழிக்கும் உள்ள உறவு. ஆயினும் தமிழகத்தில் தோன்றிய ஒப்பற்ற கப்பல் கம்பெனி ஒன்றின் வரலாற்றில் ஓர் அத்தியாயம் இம்மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் வந்து முடிகிறது. வ.உ.சிதம்பரனாரின் தோழராய்த் தூத்துக்குடியில் முழங்கி, 1908இல் சிறை புகுந்து, அங்கே தொழுநோய்க்கு ஆளாகி, பின்னர் இவ்வூரில் வந்து தங்கிய சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23ஆம் நாள் இங்கேயே மறைந்தார். அவர் நினைவிடத்தின் முன் நிற்பவர் உள்ளத்தில் ஒரு வினா எழுதல் இயல்பு. அந்தக் கப்பலுக்குப் பணம் தந்தோர் யாவர்? மரக்காயர் எத்தனைபேர்? எளிய கேள்விதான். ஆனால் விடை கூற வேண்டிய ஏடு எங்கே?

ஐந்தில் ஒரு பங்கு

சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபர் 16ஆம் நாள் பதிவு செய்யப்பெற்றது. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய், 40,000 பங்குகள், மூலதனம் 10 இலட்சம் ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் செயலாளர். வ.உ.சி. துணைச் செயலாளர். இவர்களுள் பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 இலட்சம் ரூபாய் தந்தார். கணக்கிட்டுப் பார்த்தால், திட்டமிட்ட மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு முஸ்லிம் வணிகரின் கையிலிருந்து வந்தது.

சங்கம் முதலில் பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் கப்பலை வாடகைக்கு எடுத்தது. தூத்துக்குடி – கொழும்பு வழியைத் தன் கைக்குள் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் நெருக்குதலால் அந்த ஏற்பாடு குலைந்தது. வ.உ.சி. கொழும்பில் வேறு கப்பல் பிடித்தார். பின்னர் 'காலியா', 'லாவோ' என்னும் சொந்தக் கப்பல்கள் வந்தன. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இறுதியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் தருவதாகச் சொல்லிற்று. இந்தியருக்குக் கப்பல் நடத்தும் கலையையும் கப்பல் கட்டும் கலையையும் பயிற்றுவித்தல் சங்கத்தின் நோக்கங்களுள் அடங்கும். அந்நோக்கம் நிறைவேறுமுன் 1908 மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி.யும் சிவாவும் கைதாயினர். 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது, கப்பல்கள் விலைபோயின.

எதிராளியின் ஏடுகள்

இனி, அந்தப் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியைப் பாருங்கள். 1914இல் அது பி. அண்டு ஓ. கம்பெனியோடு இணைந்தது. ஆனால் அதன் பழைய ஏடுகள் அழியவில்லை. லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் ஆராய்வோர் அவற்றைக் காணலாம். அக்கம்பெனிக்குப் பல கப்பல்களைக் கட்டித்தந்த ஸ்காட்லாந்து டம்பார்ட்டன் நகரத்து வில்லியம் டென்னி நிறுவனம் 1963இல் மூடப்பட்டது. பட்டறை போயிற்று, தொழிலாளர் கலைந்தனர். எனினும் அதன் கப்பல் வரைபடங்கள் அதே கிரீனிச்சில் பாதுகாக்கப்படுகின்றன. கப்பல் மாதிரிகளை நீரில் இழுத்துச் சோதிக்க 1883இல் அவர்கள் அமைத்த நீண்ட நீர்த்தொட்டியும் அருங்காட்சியகமாக நிற்கிறது. தொழில் இறந்தும் அதன் ஏடு இறவாதபடி காத்தனர்.

நம் சங்கத்தின் நிலை வேறு. அதன் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் காவல்துறைக் குறிப்புகளையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் அக்காலப் பத்திரிகைகளையும் வ.உ.சி.யின் சொந்த எழுத்துகளையுமே நாட வேண்டியிருக்கிறது. பேராசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி பல்லாண்டு தேடித் திரட்டி எழுதிய 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்னும் நூல் 2024ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அவ்வுழைப்பு போற்றத்தக்கது. ஆனால் எதிராளி எழுதிவைத்த குறிப்பிலிருந்து நம்மவர் செயலைக் கண்டெடுக்கும் நிலை வருந்தத்தக்கதன்றோ? கீழக்கரைச் சீதக்காதி வள்ளலின் கப்பல் வாணிகத்தை அறியவும் புலவர் பாட்டுக்கு அப்பால் டச்சுக்காரர் பதிவேடுகளையே புரட்ட வேண்டியுள்ளது.

தொடர் அறுந்த செய்தி

ஹதீஸ் கலை பயின்றோர் இதன் இழப்பை நன்குணர்வர். ஓர் அறிவிப்பு வந்தால் அதன் வாசகத்தை மட்டும் நோக்கி நம் இமாம்கள் ஏற்றதில்லை. யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் இஸ்னாதை, அறிவிப்பாளர் தொடரை, ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்தனர். இடையில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்கு 'முன்கதிஃ' என்று பெயரிட்டுத் தனியே வைத்தனர். விடுதலைப் போரில் நம்மவர் பங்கு பெரிது என்று மேடையில் முழங்குகிறோம். ஒருவர் எழுந்து ஆதாரம் கேட்டால் பக்கீர் சேட் பெயரைச் சொல்கிறோம். மேலும் கேட்டால் தடுமாறுகிறோம். பத்துப் பங்கும் ஐந்து பங்கும் வாங்கிய சிறு வணிகர், தறிக்காரர், உலமாக்கள் ஆகியோரின் பெயர்களைச் சொல்ல வல்லது பங்குதாரர் பதிவேடு ஒன்றே. பேச்சு கைதட்டலைப் பெறும்; ஏடுதான் சாட்சியாக நிற்கும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப்பற்றியது? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. கடன் கொடுக்கல் வாங்கல் சிறிதாயினும் பெரிதாயினும் தவணையோடு எழுதிவைக்கவும், எழுதுவோன் நேர்மையோடு எழுதவும், சாட்சி வைக்கவும் அது பணிக்கிறது. எழுதும் கடமையை இவ்வளவு விரித்துரைத்த வேதத்தை உடைய சமுதாயம், எழுதியதைக் காக்கும் கடமையில் தளரலாமா?

தளர்ச்சிக்கு ஒரு காரணம், நம் பேணுதலே. பழைய கணக்கேட்டின் முதற்பக்கத்தில் பிஸ்மில்லாஹ் இருக்கும். உள்ளே அரபுத்தமிழில் சரக்கும் விலையும் இருக்கும். இறைநாமம் மிதிபடலாகாது என்று அஞ்சி, சிதைந்த ஏடுகளைக் கிணற்றிலோ ஆற்றிலோ இடுவர். அன்றேல் மண்ணில் புதைப்பர். எண்ணம் தூயது. ஆனால் முஸ்ஹபின் சிதைந்த தாளுக்குரிய ஒழுங்கை மிளகு மூட்டைக் கணக்குக்கும் நீட்டினால், அந்தக் கணக்கோடு ஒரு குடும்பத்தின் கடல் வாணிக வரலாறும் நீரில் கரைந்துபோகும். இறைநாமத்துக்குரிய கண்ணியத்தை, ஏட்டைத் தூய இடத்தில் உயர வைத்துக் காப்பதாலும் நிறைவேற்றலாம்.

ஏடு காத்தலின் பயனை அறியத் தருமபுரியார் தொலைவு போக வேண்டியதில்லை. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பிரிந்தபின், அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலம், வரி, விளைச்சல், தொழில் அனைத்தையும் எழுதிவைத்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அரசு அவற்றைப் 'பாராமகால் பதிவேடுகள்' என அச்சிட்டது. ஆண்டவர் நலனுக்காக எழுதப்பட்டவைதாம். ஆயினும் நம் முன்னோர் எதை உழுதனர், எதை நெய்தனர் என்பதற்கு இன்றும் அவையே சான்று.

ஆதலின் காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை முதலிய துறைமுக ஊர்களில் பழைய வீட்டை இடிக்கும் அன்பர்கள் பரணை முதலில் பார்க்கட்டும். பங்குப் பத்திரம், சரக்குச் சீட்டு, கப்பல் கட்டிய தச்சர் கூலிக்கணக்கு, கொழும்பிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதம் எதையும் எடைக்குப் போட வேண்டாம். ஈரமும் கரையானும் அணுகாத இடத்தில் வையுங்கள். கிழிசலில் பசைநாடா ஒட்டாதீர்கள். எவர் வீட்டில், எந்தப் பெட்டியில் கிடைத்தது என்று எழுதி உடன் வையுங்கள். அதுவே அந்த ஏட்டின் இஸ்னாத். படமெடுத்து ஒரு படி எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ சேரட்டும். மூலத்தைத் தருவது உங்கள் விருப்பம்.

பக்கீர் சேட்டின் பெயர் நமக்குக் கிட்டியது, அவர் கொடுத்த தொகை பெரிதாகையால். சிறு தொகை கொடுத்தோரும் பெயருள்ளவர்களே. அப்பெயர்கள் இன்னும் ஏதேனும் ஒரு பரணில் இருக்குமாயின், கரையானுக்கு முன் நாம் சென்றடைய வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக.