மூன்று கட்டங்களுக்குள் ஒரு விமான சேவை

"'அப், அப் அண்ட் அவே' என்று விளம்பரம் செய்த முன்னாள் விமான சேவை." ஆங்கிலக் குறுக்கெழுத்துப் போட்டிகளில் வரக்கூடிய குறிப்பு இது. கட்டங்கள் மூன்று. விடை தெரியாதவர்களும் குறிப்பை நிதானமாக வாசித்தால் விடையைப் பிடித்துவிடலாம்.

மூன்றெழுத்து விமான சேவைகள் என்றால் கே.எல்.எம்., எஸ்.ஏ.எஸ்., டி.டபிள்யூ.ஏ. ஆகியன நம் நினைவுக்கு வரும். நெதர்லாந்தின் கே.எல்.எம். 1919இல் தொடங்கப்பட்டது, இன்றும் பறக்கிறது. ஸ்கண்டினேவிய நாடுகளின் எஸ்.ஏ.எஸ். சேவையும் பறக்கிறது. குறிப்பிலோ "முன்னாள்" என்றிருக்கிறது. எனவே விடை டி.டபிள்யூ.ஏ., அதாவது அமெரிக்காவின் ட்ரான்ஸ் வேர்ல்ட் எயார்லைன்ஸ். "அவே" என்ற சொல்லும் "ஏ" என்ற கடைசி எழுத்தும் ஒரே ஓசையில் முடிவதைக் கவனியுங்கள். 1967இல் புகழ்பெற்ற, வண்ண பலூனைப் பற்றிய ஒரு பாடலின் தலைப்பை அந்நிறுவனம் தன் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டதற்கு அந்த ஓசைப் பொருத்தமும் உதவியது.

விடையை எழுதிவிட்டோம். அந்த "முன்னாள்" எப்படி வந்தது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

அக்காலத்தில் அமெரிக்க விமான நிறுவனங்கள் தம் விருப்பப்படி கட்டணத்தைக் குறைக்க முடியாது. எந்த நிறுவனம் எந்த ஊருக்குப் பறக்கலாம், எவ்வளவு அறவிடலாம் என்பதை 1938இல் அமைக்கப்பட்ட அரச சபையொன்றே தீர்மானித்தது. ஒரே ஊருக்கு எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே விலைதான். அப்படியானால் பயணியை எதைக் காட்டி அழைப்பது? உணவு, பணிப்பெண்களின் சீருடை, பாட்டு, வாசகம் இவற்றைத்தான். யுனைட்டட் நிறுவனம் 1965இல் "நட்பான வானம்" என்று அழைத்ததும் இந்தப் போட்டியில்தான்.

1978 ஒக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி காட்டர் கையொப்பமிட்ட சட்டம் அந்தக் கட்டுப்பாடுகளை நீக்கியது. புதிய நிறுவனங்கள் வந்தன, கட்டணங்கள் இறங்கின. சாதாரண மக்களும் பறக்கத் தொடங்கினார்கள். அது நல்ல விடயமே. ஆனால் பழைய பெரிய நிறுவனங்கள் தடுமாறின. பிரனிஃப் 1982இல் நின்றது. ஈஸ்டர்ன், பான் ஆம் இரண்டும் 1991இல் மூடப்பட்டன.

டி.டபிள்யூ.ஏ. இன்னும் சில காலம் இழுத்துப் பறந்தது. 1980களில் அதைக் கைப்பற்றிய முதலீட்டாளர் கார்ல் ஐகானின் காலத்தில், 1988இல், 50 கோடி டொலருக்கும் மேற்பட்ட கடன் நிறுவனத்தின் தலையில் ஏறியது. இலண்டன் ஹீத்ரோவுக்கான பெறுமதிமிக்க வழித்தடங்கள் 1991இல் அமெரிக்கன் எயார்லைன்ஸுக்கு விற்கப்பட்டன. 1996 ஜூலையில் அதன் 800ஆம் இலக்க விமானம் நியூயோர்க் அருகே வெடித்துக் கடலில் விழுந்து 230 பேர் உயிரிழந்தனர். மூன்றாவது முறையாக வங்குரோத்து அறிவித்த 2001இல், அமெரிக்கன் எயார்லைன்ஸே அதை வாங்கிக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் திகதி அந்தப் பெயரில் கடைசி விமானம் பறந்தது.

நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். டி.டபிள்யூ.ஏ.யின் விமானப் பணியாளர்கள் புதிய நிறுவனத்தின் சேவை மூப்புப் பட்டியலில் அடிமட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். இருபது, முப்பது வருடம் வேலை செய்தவரும் நேற்று வந்தவருக்குக் கீழே. ஆட்குறைப்பு வந்தபோது முதலில் வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள்தான். மூப்பு என்ற சொல்லின் பாரம் சம்பளத்துக்கு வேலை செய்யும் நம் எல்லோருக்கும் தெரியும்.

நிறுவனத்தின் பாட்டு நினைவில் நிற்கிறது. நியூயோர்க் விமான நிலையத்தில் 1962இல் திறக்கப்பட்ட அதன் அழகான முனையக் கட்டடம் 2019 முதல் ஹோட்டலின் ஒரு பகுதியாக நிற்கிறது. மூன்றெழுத்துப் பெயர் கட்டங்களுக்குள் வசதியாக அடங்குவதால் குறுக்கெழுத்திலும் வாழ்கிறது. அங்கே உழைத்தவர்களுக்கு மட்டும் அந்த வாக்கியத்தில் "முன்னாள்" என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது.

ஆங்கிலம் பழக நம் பிள்ளைகளுக்குக் குறுக்கெழுத்து நல்ல பயிற்சி. விடையை நிரப்பியதும் புத்தகத்தை மூட விடாதீர்கள். "இது ஏன் முன்னாள் ஆனது?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். தேடிக் கண்டுபிடிப்பதை அவர்கள் இலேசில் மறக்கமாட்டார்கள்.