பாறைக்கு இடம் விட்ட வீடு

இலங்கைக் காடுகளில் பாறையோடு ஒட்டிக் குடியிருப்பது மிகப் பழைய வழக்கம். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளிலேயே பௌத்தத் துறவிகள் பெரும்பாறைகளின் அடியில் வசித்தார்கள். பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டுவார்கள். மேலிருந்து வழியும் மழைநீர் அந்த விளிம்பிலேயே சொட்டிவிடும். உள்ளே ஈரம் வராது. காடிக்குக் கீழே, குகையைத் தானம் செய்தவரின் பெயரைப் பிராமி எழுத்தில் பொறிப்பார்கள். மதுரைப் பக்கம் மாங்குளத்தில் சமணர் குகைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கைவேலை பழக்கமானதுதான்.

வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டத்துரை பங்களாக்கள் இதற்கு நேர்மாறு. மேட்டை வெட்டிச் சமதளமாக்கி, சுற்றிலும் புல்தரை போட்டு, காட்டை எட்ட நிறுத்தினார்கள்.

நிக்கவரட்டியவுக்கு அருகே, பொலொந்தலாவ தென்னந்தோட்டத்தில் சுவிஸ் நிறுவனம் ஒன்று மேலாளருக்கு வீடு கட்ட நினைத்தது. பொறுப்பேற்றவர்கள் ஜெஃப்ரி பாவாவும், டென்மார்க்கிலிருந்து வந்து அவரோடு சேர்ந்திருந்த உல்ரிக் பிளெஸ்னரும். வழக்கறிஞராக இருந்து, 40 வயதை நெருங்கும்போது கட்டடக் கலைஞரானவர் பாவா. இருவரும் தேர்ந்தெடுத்தது உருண்டை உருண்டையாகப் பெரும்பாறைகள் சிதறிக் கிடந்த இடத்தை. வேறு யாராக இருந்தாலும் முதலில் வெடிமருந்தைத்தான் தேடியிருப்பார்கள். இவர்கள் குச்சி நட்டு, கயிறு கட்டி, அந்த இடத்திலேயே வீட்டின் அளவுகளைக் குறித்தார்கள். எங்கே சுவர், எங்கே நடை என்பதைப் பாறைகள் முடிவு செய்தன. கான்கிரீட் உத்தரங்கள் பாறைமேல் போய் உட்கார்ந்தன. சில இடங்களில் பாறையே சுவரானது. 1960களின் நடுவில் வீடு எழுந்தது.

அந்தத் தசாப்தத்தில் இலங்கையில் அந்நியச் செலாவணி தட்டுப்பாடு. இறக்குமதிக் கண்ணாடியும் இரும்பும் எளிதில் கிடைக்கவில்லை. உள்ளூர்க் கல், மரம், ஓடு ஆகியவற்றின் பக்கம் கட்டடக்காரர்களைத் திருப்பியதில் அந்த நெருக்கடிக்கும் பங்குண்டு. பாவாவின் ரசனையை மட்டும் புகழ்ந்துவிட்டு இதை விட்டுவிடுவது நியாயமில்லை.

பொலொந்தலாவவில் ஒரு வீட்டுக்குச் செய்ததை 1990களில் தம்புள்ளைக்கு அருகே கந்தளமக் குளக்கரையில் ஒரு பெரிய ஓட்டலுக்கே செய்தார் பாவா. அதற்கு எதிர்ப்பு பலமாக இருந்தது: குளம் கெட்டுவிடும், தம்புள்ளைக் குகைக்கோயிலின் புனிதம் குலையும் என்று பிக்குகளும் சூழல் ஆர்வலர்களும் போராடினார்கள். காட்டுக்குள் கட்டுகிறவர் எவரும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்விகள் அவை. 1994இல் திறந்த அந்தக் கட்டடம் மலைச்சரிவை ஒட்டி ஏறத்தாழ 1 கிலோமீட்டர் வளைந்து செல்கிறது. தூண்கள்மேல் நிற்பதால் மழைநீர் அடியில் தன் போக்கில் ஓடுகிறது. வாசலில் பாறை அப்படியே உள்ளே நுழைகிறது. தட்டையான கூரையில் செடி வளர்த்தார்கள். முகப்பில் மரச்சட்டங்களைக் கட்டிக் கொடி ஏற்றினார்கள். இன்று குளத்தின் அக்கரையிலிருந்து பார்த்தால், பச்சைக்கு நடுவே கட்டடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.