கப்பலுக்குப் போனவங்க

எங்க ஆயா தன் பெரியப்பாவைப் பற்றிப் பேசும்போது 'அவரு கப்பலுக்குப் போயிட்டாரு' என்றுதான் சொல்லும். செத்துப்போனார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் போனது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு.

1860 அக்டோபர் 12இல் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் நவம்பர் 16இல் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் 342 பேர். 1911 வரைக்கும் இப்படிப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பாதிக்கு மேல் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். தொடக்கக் கூலி மாதம் 10 ஷில்லிங். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி வெட்டு. சீட்டு இல்லாமல் தோட்டத்தைத் தாண்டினால் ஜெயில்.

ஆள்கட்டி பேச்சைக் கேட்டு ஏமாந்த கூலிகள் என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். ஏமாற்று நடந்தது நிசம்தான். 1871இல் திரும்பி வந்தவங்க சம்பளப் பாக்கியையும் அடி உதையையும் சென்னையில் சொன்ன பிறகுதான் 1872இல் நேட்டாலில் விசாரணைக்குழு போட்டார்கள். சரி, நம்ம சனம் ஏன் கிளம்பியது? 1843இல் அடிமைச் சட்டம் ஏட்டில்தான் ஒழிந்தது. செங்கல்பட்டுப் படியாளுக்குக் குடியிருந்த மனைக்கட்டுகூட மிராசுதாரன் சொத்து. எதிர்த்துப் பேசினால் குடிசை போச்சு. அப்புறம் 1876இல் தாது வருஷப் பஞ்சம். கடலைத் தாண்டினால் சாதி போகும் என்று மேல்சாதிக்காரன் பயந்தான். போக வேண்டிய சாதியை வைத்துக்கொண்டு நாம எதுக்குப் பயப்படணும்?

ஆனா சாதியும் கூடவே கப்பல் ஏறியது. கப்பல் பட்டியலில் எண், பேர், தகப்பன் பேர், வயசு, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் உண்டு. 'பறையன்' என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்தான். கரையிறங்கிய பிறகு சிலர் பேரோடு மேல்சாதிப் பட்டத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். இதைக் கேலி பண்ணுகிறவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் அந்தப் பேரைச் சொல்லியிருந்தால் கட்டிவைத்து அடித்திருப்பான்.

ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்களை விரட்ட 1895இல் வருஷத்துக்கு 3 பவுன் வரிக்குச் சட்டம் போட்டார்கள். 1913இல் சுரங்கத்திலும் கரும்புக் காட்டிலும் வேலையை நிறுத்தி, அடுத்த வருஷமே அதை ஒழிக்க வைத்தது அந்தச் சனம்.

பட்டியலின் நகலில் எங்க பெரியவரைத் தேடினேன். முனியன், தகப்பன் பேர் சின்னான், ஜில்லா செங்கல்பட்டு. இப்படி எத்தனையோ முனியன். ஒருத்தருக்கு இடது காலில் தழும்பு. எங்க ஆயாவுக்குத் தெரிந்திருக்கும். கேட்க ஆயா இல்லை.