விக்கெட் விழக் கைதட்டிய ஊர்

சேப்பாக்கத்தில் ஐபிஎல் மேட்ச் என்றால் திருமயிலை ஸ்டேஷனிலேயே பறக்கும் ரயில் மஞ்சளாகிவிடும். 2025இல் அந்த மைதானத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடியது ஆறு ஆட்டம், ஜெயித்தது ஒன்று. மார்ச் 28 அன்று, 2008க்குப் பிறகு முதல்முறையாக பெங்களூரு இங்கே வென்றது. ஏப்ரல் 11, கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் வெறும் 103 ரன். ஐந்து கோப்பை வாங்கிய அணி, முதல்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது.

இதைவிடப் பெரிய அடியும் வாங்கியிருக்கிறோம். சூதாட்ட விவகாரத்தால் 2016, 2017 இரண்டு சீசனும் தடை. 2018இல் காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ரசிகர்கள் தனி ரயிலில் பின்னாலேயே போனார்கள், கோப்பையும் வந்தது. அப்போதெல்லாம் கோபப்பட வெளியே யாராவது இருந்தார்கள்.

2025இல் யாரைத் திட்டுவது? நிர்வாகத்தைத் திட்டினோம், ஏலத்தைத் திட்டினோம். பெங்களூரு ஆட்டத்தில் ஒன்பதாவதாக இறங்கிய தோனியைக்கூட மெல்லத் திட்டினோம்.

ஆனால் 2023ஐ யோசிங்க. தோனி இறங்கணும்னு, ஜடேஜா அவுட் ஆவதற்காகவே சேப்பாக்கம் காத்திருந்தது. ஜடேஜாவே அதைச் சிரித்தபடி சொன்னார். அந்த வருடம் கோப்பை ஜெயித்ததால் நமக்கு எதுவும் உறுத்தவில்லை. அணியைப் பார்க்க வந்த கூட்டம் ஒருவரைப் பார்க்க வந்த கூட்டமாக மாறியிருந்தது. இரண்டு வருடம் கழித்து, 43 வயதிலும் அவரைத்தான் நம்பி நின்றது அணி. கைதட்டிக் கேட்டது நாம்தான்.