படைவண்டிக்கு என்ன விலை?

1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், கிள்ளானுக்குத் தெற்கே உள்ள மோரிப் கடற்கரையில் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் வந்து இறங்கின. ஜப்பான் சரணடைந்து மூன்று வாரங்களுக்கு மேலாகிவிட்டதால் எதிர்த்துச் சுட எவரும் இல்லை. எதிர்த்தது கரைதான். மேலே மெல்லிய மணல், அடியிலே சேறு. கப்பலிலிருந்து இறங்கிய வண்டிகள் பல அதில் புதைந்து நின்றன. போருக்குப் பிந்திய மலாயாவில் படைவண்டிகளின் கதை இப்படித்தான் தொடங்குகிறது. பின்னர், தேவைக்கு மிஞ்சியவை என்று படை கழித்துவிட்ட ஜீப்புகளும் லோரிகளும் பொதுமக்கள் கைக்கு வந்தன. அவற்றுக்கு நியாயமான விலையை எப்படிக் கண்டறிவது என்பதே இன்று நாம் பேசப்போவது.

அன்று வண்டிகளுக்கு இருந்த தட்டுப்பாட்டை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். போரின்போது தனியார் லோரிகளைப் படைகள் எடுத்துக்கொண்டன. கிழக்குக் கரை ரயில் பாதையில் பெரும்பகுதியை ஜப்பானியர் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1945 தொடக்கத்தில் கோலாலம்பூர் ரயில்வே பட்டறையின்மீது குண்டு விழுந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த நம்மவர்களுக்கு அது செவிவழிச் செய்தியன்று. அரிசியும் கித்தாவும் பலகையும் நகர வேண்டும். நகர்த்த வண்டி இல்லை.

பணத்தின் நிலை அதைவிட மோசம். வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டு செல்லாது என்று பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் அறிவித்துவிட்டது. சேமிப்பை எல்லாம் அந்த நோட்டாக வைத்திருந்தவருக்கு மிஞ்சியது வீட்டு நகைதான். அதை அடகு வைத்து லோரி வாங்கும் ஒருவர் விலையில் ஏமாந்தால் நகையும் போகும், பிழைப்பும் போகும். ஆகவே இதை வெறும் பேரப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

படை கொடுத்த விலையை வைத்துக் கணக்கிடலாமே என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்காவில் போர்க்காலத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. ஒன்றின் விலை ஏறக்குறைய 740 அமெரிக்க டாலர். ஆனால் இந்த எண் வாங்குபவருக்கு உதவாது. நான்கு சக்கரத்திலும் இழுக்கும் வண்டியைக் கட்டியவர்கள் எண்ணெய்ச் செலவைப் பற்றிக் கவலைப்படவில்லை. கிள்ளான் கடைத்தெருவுக்குத் தார்ச்சாலையில் அரிசி ஏற்றுபவருக்கு அந்த வசதி வீண் செலவு. காட்டிலிருந்து மரம் இழுப்பவருக்கோ அதுவே உயிர். மலையரசன் என்று பொருள்படும் ‘சான் தாய் வோங்’ என்ற மர லோரிகளில் பல, பழைய படைவண்டிகளுக்கு வின்சு பூட்டி உருவாக்கப்பட்டவைதாம். ஒரே வண்டிக்கு இரண்டு பேருக்கு இரண்டு நியாய விலை இருக்கலாம். இதில் முரண்பாடு ஒன்றுமில்லை.

பட்டறைக் கணக்கு வேறு விதமாகப் போகும். ஓடி உழைக்கக்கூடிய நிலையில் அதே அளவு லோரி ஒன்று சந்தையில் என்ன விலைக்குப் போகிறது? விளக்கத்துக்காக 3,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். டயருக்கு 500, இஞ்சின் வேலைக்கு 600, மரத்தொட்டி அடிக்க 400, வேலை முடியும்வரை வண்டி நிற்கும் வாரங்களுக்கு 200, கண்ணுக்குத் தெரியாத குறைகளுக்கு 300. கழித்தால் மிஞ்சுவது 1,000. அதற்கு மேல் கொடுப்பது ஆசைக்குக் கொடுப்பது. டயருக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். படைச் சக்கரத்தின் அளவு வேறு, ஊர் லோரிச் சக்கரத்தின் அளவு வேறு. கடைக்குப் போனவுடன் கிடைத்துவிடாது. விலைக்கு ஒரு கீழ் எல்லையும் உண்டு. பிரித்து விற்றால் உதிரிபாகமும் இரும்பும் எவ்வளவு தரும் என்பதே அது. இரண்டு வண்டி வாங்கி ஒன்றாக்குபவர் இதை நன்றாக அறிவார்.

மைல் கணக்கு மிக எளிதில் ஏமாற்றும். படைவண்டி குறைவாக ஓடியிருக்கலாம்; வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் சும்மா நின்றிருக்கலாம். நின்ற வண்டியில் ரப்பர் காய்ந்துவிடும், எண்ணெய்த் தொட்டிக்குள் துரு பிடித்துவிடும். மோரிப் போன்ற கரையில் கடல்நீர் குடித்த வண்டியென்றால் இன்னும் கவனம் வேண்டும். ஸ்பிரிங் தகடுகளின் இடுக்கு, பிரேக் குழாய், சட்டத்தின் உள்மடிப்பு, மின்கம்பி முனைகளில் படியும் பச்சை, இவற்றைக் குனிந்து பார்த்தாக வேண்டும். புதிதாகப் பச்சை வண்ணம் பூசிய வண்டியைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது!

பார்க்காமல் வாங்கினால் என்ன நேரும் என்பதற்குச் சென்னைத் துறைமுகத்தில் நடந்த ஒன்று பெரிய சான்று. 1948-இல் காஷ்மீர்ப் போரின்போது இந்திய இராணுவத்துக்கு ஜீப்புகள் அவசரமாகத் தேவைப்பட்டன. அப்போது லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன், பழுதுபார்த்த பழைய ஜீப்புகளுக்கு ஏறத்தாழ 80 லட்சம் ரூபாய் மதிப்பில் ஒப்பந்தம் செய்தார். பணத்தில் பெரும்பகுதி, வண்டிகளைச் சோதித்த சான்று கைக்கு வருமுன்பே கொடுக்கப்படும்படி அந்த ஒப்பந்தம் அமைந்திருந்தது. 155 ஜீப்புகள் சென்னைக்கு வந்து இறங்கின. அவை பயன்படுத்தத் தக்க நிலையில் இல்லை என்று இராணுவம் மறுத்துவிட்டது. நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கேள்விகள் எழுந்தன. 1955 செப்டம்பரில் அரசு அந்த விவகாரத்தை முடித்துவைத்தது. மறு ஆண்டே மேனன் மத்திய அமைச்சரானார். அவசரத்தில் ஒரு பேரரசியலே சறுக்கிய இடத்தில், கிள்ளானில் லோரி வாங்கியவருக்கு ஒரு வசதி இருந்தது. வண்டி கண்முன் நின்றது. கீழே படுத்துப் பார்க்கத் தெரிந்த பட்டறைக்காரரும் பக்கத்தில் இருந்தார்.

ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். போர்க்கால ஜீப்பின் முன்பலகையில் அது படைக்குக் கொடுக்கப்பட்ட தேதியைப் பொறித்த சிறு தகடு ஒன்று இருக்கும். படைப் பட்டறைகளில் இஞ்சினை அடிக்கடி மாற்றியதால், இஞ்சின் எண்ணும் சட்டத்தின் எண்ணும் ஒத்துப்போகாத வண்டிகள் ஏராளம். 1946-இல் மூட்டை ஏற்ற லோரி தேடியவருக்கு இவையெல்லாம் பொருட்டே அல்ல, ஓடினால் போதும். இன்று பழைய ஜீப் சேகரிப்பவர்களோ முதலில் அந்த எண்களைத்தான் ஒப்பிடுகிறார்கள், அந்தத் தகட்டைத்தான் தேடுகிறார்கள். அது இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை.