தேடியவர் கையில் தங்காத செல்வம்

பழம்பொருளைத் தேடி அலைவதில் தனியானதோர் இன்பம் உண்டு. பிறர் பொருட்படுத்தாது மூலையில் எறிந்த ஒன்றைப் புழுதி துடைத்துப் பார்க்கும்போது, அதன் காலமும் அதனைச் செய்தவனின் கைத்திறனும் கண்முன் விரிகின்றன. இவ்வின்பத்தை மக்கள் வழக்கமாகவே வளர்த்துக்கொண்ட நாடு பிரான்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்நாட்டுச் சிற்றூர் மக்கள் தத்தம் வீட்டுப் பழம்பொருள்களைத் தெருவில் பரப்பி விற்கின்றனர். அச்சந்தைக்குப் 'பரண் ஒழிப்பு' என்னும் பொருள்படவே பெயர் அமைந்துள்ளது. வெளியூர்ப் பயணிகளும் அச்சந்தைகளை நாடிச் செல்கின்றனர். ஆயினும் இந்த இன்பத்தின் வேர், மாபெரும் அழிவொன்றில் ஊன்றியிருப்பதை வரலாறு காட்டுகிறது.

அழிவில் பிறந்த ஆர்வம்

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே திருச்சபையின் உடைமைகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. மடங்களும் மாளிகைகளும் ஏலத்திற்கு வந்தன. வெர்சாய் அரண்மனையின் தட்டுமுட்டுப் பொருள்கள் 1793, 1794ஆம் ஆண்டுகளில் 17,000-க்கும் மேற்பட்ட தொகுதிகளாக ஏலம் விடப்பட்டன. பல நூற்றாண்டுகள் கிறித்தவ உலகின் மிகப் பெரிய கோயிலாக விளங்கிய க்ளூனி மடத்துக் கோயில், 1798 முதல் கல் கல்லாகப் பெயர்த்து விற்கப்பட்டது. இத்தகைய அழிவைக் கண்டு வருந்திய கிரெகுவார் என்னும் பாதிரியார், 1794-இல் இதற்கெனவே ஒரு சொல்லைப் படைத்தார். பண்டை உரோமைச் சூறையாடிய வாண்டல் இனத்தாரின் பெயரிலிருந்து அவர் ஆக்கிய 'வாண்டலிசம்' என்னும் சொல் இன்று உலகமொழிகள் பலவற்றில் வழங்குகிறது.

அழிவுக்கு நடுவே மீட்பும் நிகழ்ந்தது. அலெக்சாந்தர் லெனுவார் என்பவர், உடைபடவிருந்த கல்லறைச் சிற்பங்களையும் சிலைகளையும் பாரிசின் மடம் ஒன்றில் திரட்டி, 1795-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார். 1816-இல் அது மூடப்பட்டது. எனினும் அதன் பயன் வீணாகவில்லை. அங்கே சிறுவனாகச் சென்று அச்சிற்பங்களிடையே உலவியதுதான் தமக்கு வரலாற்றுணர்வை ஊட்டியது என்று, பின்னாளில் பிரான்சின் பெரும் வரலாற்றாசிரியராக விளங்கிய மிஷ்லே நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார்.

மெரிமேயின் பயணங்கள்

சிதறிக் கிடந்த செல்வங்களைக் கணக்கெடுக்க 1830-இல் 'வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளர்' என்னும் பதவியை அரசு உருவாக்கியது. முதலில் லுதோவிக் வித்தே அப்பொறுப்பில் இருந்தார். 1834-இல் அவரையடுத்துப் பதவியேற்றவர் புரோஸ்பேர் மெரிமே. அப்போது அவருக்கு வயது முப்பது. 'கார்மென்' கதையின் ஆசிரியராக இலக்கிய உலகம் அறியும் அவரேதான் இவர். ஓவியரின் மகனாகப் பிறந்தமையால் பார்க்கும் பயிற்சி அவருக்கு இளமையிலேயே வாய்த்திருந்தது.

அவ்வாண்டுக் கோடையில் அவர் பாரிசிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அந்நாளில் நெடும்பயணம் என்பது குதிரை வண்டியில் குலுங்கிச் செல்வதே. சாலைகளும் விடுதிகளும் கரடுமுரடானவை. ஆயினும் பர்கண்டி, அவிஞோன், ஆர்ல், நீம், பெர்ப்பிஞான் எனக் கோயில்களையும் உரோமானிய இடிபாடுகளையும் அளந்தும், வரைந்தும், குறிப்பெழுதியும் அவர் சென்றார். வெஸ்லே குன்றின்மேல் உள்ள மக்தலேனாள் கோயிலில் அமர்ந்து அவர் வரைந்துகொண்டிருந்தபோது, கூரை வளைவிலிருந்து சிறு கற்கள் கழன்று தம்மைச் சுற்றி விழுந்தனவாம். அவருடைய முயற்சியின் பயனாக 1840-இல் அக்கோயிலைச் சீர்செய்யும் பணி வியோலெ-லெ-துக் என்னும் இருபத்தாறு வயது இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்கோயில் இன்றும் நிற்கிறது. 1979-இல் உலக மரபுச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது.

பயணத்தில் கண்டவை அவர்தம் படைப்பிலும் இடம்பெற்றன. 1837-இல் வெளிவந்த 'இல் ஊரின் வீனஸ்' என்னும் கதையில், மண்ணிலிருந்து தோண்டி எடுத்த வெண்கலச் சிலையைத் தன்னுடையதாக்கிப் பெருமைகொள்ளும் பழம்பொருள் ஆர்வலர் ஒருவர் வருகிறார். அச்சிலை அவர் வீட்டிற்கே துயரமாக முடிகிறது. தேடுவோனின் இன்பத்தை அறிந்த மெரிமே, உடைமையாக்கும் வேட்கையின் ஆபத்தையும் அறிந்திருந்தார் என்பது இங்கு எண்ணத்தக்கது.

புசாக் மாளிகையின் திரைகள்

1841-இல் நடு பிரான்சின் புசாக் என்னும் சிற்றூருக்கு அவர் சென்றார். அங்குள்ள பழைய மாளிகையின் சுவர்களில் கம்பளியும் பட்டும் கொண்டு நெய்த ஆறு சித்திரத் திரைகள் தொங்கின. ஏறத்தாழ 1500ஆம் ஆண்டளவில் நெய்யப்பட்டவை அவை. பூக்கள் சிதறிய செந்நிறப் பரப்பில் ஒரு மாது, ஒருபுறம் சிங்கம், மறுபுறம் ஒற்றைக்கொம்புக் குதிரை. ஐந்து திரைகள் சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் எனும் ஐம்புலன்களைக் காட்டுவன. ஆறாவது திரையில், 'என் ஒரே விருப்பம்' என்னும் பொருள் தொனிக்கும் தொடர் பொறித்த கூடாரத்தின்முன் அம்மாது நிற்கிறாள். அத்தொடர் எவ்விருப்பத்தைச் சுட்டுகிறது என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

ஈரமும் எலியும் அத்திரைகளை அரித்துக்கொண்டிருந்தன. இவைபோல் முன்பு வேறு சிலவும் இருந்தன என்றும், அவற்றை வெட்டி வண்டிகளுக்கு மூடுதுணி ஆக்கிவிட்டனர் என்றும் ஊரார் கூறக் கேட்டு, மெரிமே அதனைக் கடிதத்தில் வித்தேக்கு எழுதினார். பெண் எழுத்தாளர் ழார்ழ் சாந்தும் தம் 'ழான்' என்னும் புதினத்திலும் 1847-இல் எழுதிய கட்டுரையிலும் அத்திரைகளின் அழகை உலகறியச் செய்தார். ஆயினும் காலம் கடந்துகொண்டே இருந்தது. 1882-இல்தான் பாரிசிலுள்ள க்ளூனி அருங்காட்சியகத்திற்காக 25,500 பிராங்கு விலைக்கு அவை வாங்கப்பெற்றன. மெரிமே கண்ட நாளிலிருந்து நாற்பத்தோர் ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் மறைந்தும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

எரிந்ததும் எஞ்சியதும்

மெரிமே 1870 செப்டம்பரில் கான் நகரில் காலமானார். எட்டுத் திங்கள் கழித்து, 1871 மே மாதம், பாரிசு கம்யூன் கலகத்தின்போது லீல் தெருவில் இருந்த அவரது வீடு தீக்கிரையாயிற்று. வாழ்நாள் முழுதும் அவர் சேர்த்த நூல்களும் தாள்களும் சாம்பலாயின. அவர் தமக்கென வைத்திருந்தவை அழிந்தன. தமக்கென ஒருபோதும் கொள்ளாது, 'இங்கே ஒன்று இருக்கிறது, காப்பாற்றுங்கள்' என்று பிறர்க்குக் காட்டியவை எஞ்சின.

பழம்பொருள் தேட்டம் பின்னர் எளியோரிடையேயும் பரவியது. 1884 முதல் பாரிசில் குப்பைத் தொட்டி கட்டாயம் ஆக்கப்பட்டபோது, தெருக்குப்பையைப் பொறுக்கிப் பிழைத்தோரின் பிழைப்பு நெருக்குண்டது. நகர எல்லைக்கு வெளியே அவர்கள் கடைவிரித்த இடங்களுள் ஒன்றே, இன்று உலகப் புகழ்பெற்ற சான்-துவான் பழம்பொருள் சந்தையாக வளர்ந்துள்ளது. அதனைத் 'தெள்ளுப்பூச்சிச் சந்தை' என்று மக்கள் வழங்குவர். செல்வர் மாளிகையின் கண்ணாடியும் ஏழை வீட்டுக் காப்பிக் குவளையும் அங்கே அருகருகே கிடக்கின்றன.

அங்கே பேரம் பேசி ஒரு பொருளை வாங்கி வருவோரின் மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் வாங்குவதற்கு முன்னே நிகழும் மகிழ்ச்சி ஒன்று உண்டு. அது கண்டுகொள்ளும் மகிழ்ச்சி. கவிஞர்கள் அதனை நன்கறிவர். வழக்கொழிந்த சொல்லொன்றை எங்கோ கண்டு உவகையுறும் கவிஞன், அதனைப் பூட்டி வைப்பதில்லை. கவிதையில் வைத்து எல்லார்க்கும் உரியதாக்குகிறான். க்ளூனி அருங்காட்சியகத்தின் மங்கிய ஒளியில் அந்த ஆறு திரைகளும் இன்று தொங்குகின்றன. அவற்றின்முன் யாரும் வந்து அமரலாம்.